மேடையும் அபசகுனமும்: நடிப்புலகின் நம்பிக்கைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடைக்குப் பின்னால் பல வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். கயிறு இழுத்திருக்கிறேன், விளக்கு மாட்டியிருக்கிறேன், இருட்டில் நடிகர்களைக் கைபிடித்துப் படியிறக்கி விட்டிருக்கிறேன். புதிதாக ஒரு குழுவில் சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஏதாவது ஒரு நம்பிக்கையில் போய் இடித்துக்கொள்வார்கள். விசிலடித்ததற்குத் திட்டு வாங்குவார்கள். வாழ்த்துச் சொன்னதற்கு முறைப்பு வாங்குவார்கள். அப்புறம் ஓரமாக வந்து, "ஏன் இப்படி?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

நடிகர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சகுன நம்பிக்கை?

நடிகர்களுக்கு மட்டும் இல்லை. மாலுமிகள், மீனவர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், சூதாடிகள், விளையாட்டு வீரர்கள் எல்லோருக்கும் உண்டு. எவ்வளவு திறமை இருந்தாலும் இன்றைய நாளின் முடிவு தன் கையில் முழுசாக இல்லை என்கிற தொழில்கள் இவை. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி பசிபிக் கடலில் உள்ள டிரோபிரியாண்ட் தீவு மீனவர்களோடு முதல் உலகப் போர்க் காலத்தில் தங்கியிருந்து கவனித்த ஒரு விஷயம் இங்கே பொருந்தும். அலையில்லாத உள்கழியில் மீன் பிடிக்கப் போகும்போது அவர்கள் எந்த மந்திரமும் சடங்கும் செய்யவில்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் உள்ள திறந்த கடலுக்குப் போகும்போதுதான் சடங்குகள் வந்தன.

நடிகருக்கு ஒவ்வொரு மாலையும் திறந்த கடல்தான். இரண்டு மாதம் மனப்பாடம் செய்த வசனம் இன்று வாயில் வராமல் போகலாம். நேற்று கைதட்டிய அதே இடத்தில் இன்று அரங்கம் மௌனமாக இருக்கலாம். லாரன்ஸ் ஒலிவியர் போன்ற மாபெரும் நடிகரே 1960களில், புகழின் உச்சியில் இருந்தபோது, வருடக்கணக்கில் மேடை பயத்தில் தவித்தார். வசனம் மறந்துவிடும், தொண்டை அடைத்துவிடும் என்று நடுங்கினார். எதிரே நிற்கும் சக நடிகர்களிடம், தன் கண்ணை நேராகப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அப்படிப்பட்ட பயத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு ஒருவர் வெளிச்சத்துக்குள் நடந்து போக வேண்டும் என்றால், இடது காலணியை முதலில் போடுவது மாதிரி ஏதாவது ஒரு பிடி அவருக்குத் தேவைப்படும். அதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு ஒருநாளும் மனசு வந்ததில்லை.

ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தின் பெயரை அரங்குக்குள் சொல்லவே கூடாதாமே?

ஆங்கில நாடக மரபில் வளர்ந்த குழுக்களில் அப்படித்தான். ஒத்திகையிலும் காட்சியிலும் வசனத்தில் வரும்போது சொல்லலாம். மற்ற நேரத்தில், அரங்கக் கூரைக்குக் கீழே, அந்தப் பெயரை உச்சரிக்க மாட்டார்கள். 'ஸ்காட்லாந்து நாடகம்' என்பார்கள். கதாநாயகன் 'ஸ்காட்லாந்து அரசன்', அவன் மனைவி 'ஸ்காட்லாந்துச் சீமாட்டி'. அதிலிருந்து ஒரு வரியை மேற்கோளாகச் சொல்வதையும் சிலர் தவிர்ப்பார்கள்.

காரணமாகச் சொல்லப்படும் கதை இது. ஷேக்ஸ்பியர் அந்த நாடகத்தில் வரும் மூன்று சூனியக்காரிகளுக்கு நிஜமான மந்திரங்களையே எழுதி வைத்துவிட்டாராம். அதனால் கோபமடைந்த சூனியக்காரிகள் நாடகத்தையே சபித்துவிட்டார்களாம். 1606 வாக்கில் நடந்த முதல் காட்சியிலேயே, சீமாட்டியாக நடிக்க இருந்த ஹால் பெரிட்ஜ் என்ற சிறுவன் காய்ச்சலில் இறந்துபோனானாம்.

அந்தச் சிறுவன் இறந்தது உண்மையா?

அப்படி ஒரு சிறுவன் இருந்ததற்கே ஆதாரம் கிடையாது. ஷேக்ஸ்பியர் காலத்து ஆவணங்கள் எதிலும் அந்தப் பெயர் இல்லை. கதை முதன்முதலில் அச்சில் வந்தது 1898இல்தான், அதாவது கிட்டத்தட்ட முந்நூறு வருடம் கழித்து. எழுதியவர் மேக்ஸ் பியர்போம் என்ற விமர்சகர். நகைச்சுவைக்கும் கேலிச்சித்திரத்துக்கும் பேர்போனவர். 17ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஜான் ஆப்ரியின் குறிப்பிலிருந்து எடுத்ததாகச் சொன்னார். ஆப்ரியின் எழுத்தில் தேடினால் அப்படி ஒரு வரி இல்லை.

பழைய காலத்து ரசிகர்களைக் கேட்டால் படம் வேறு மாதிரி இருக்கிறது. 1611இல் லண்டன் குளோப் அரங்கில் இந்த நாடகத்தைப் பார்த்த சைமன் ஃபோர்மன், கதையை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அவர் தொழில்முறை ஜோதிடர். சாபம் என்று ஒரு பேச்சு இருந்திருந்தால் அதை முதலில் குறித்துவைத்திருக்க வேண்டியவர் அவர். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 1660களில் லண்டன்வாசி சாமுவேல் பீப்ஸ் இதைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து, நாட்குறிப்பில் மகிழ்ச்சியோடு எழுதினார். அங்கும் சாபம் இல்லை. நானூறு வருடப் பழமை என்று நாம் நினைக்கிற நம்பிக்கை, நமக்குக் கிடைக்கும் சான்றுகளைப் பார்த்தால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் உருப்பெற்றிருக்கிறது.

ஆனால் அந்த நாடகத்தில் நிறைய விபத்துகள் நடந்திருக்கின்றனவே?

நடந்திருக்கின்றன. பெரிய உதாரணம் 1849 மே 10. நியூயார்க்கின் ஆஸ்டர் பிளேஸ் அரங்கில் ஆங்கிலேய நடிகர் மெக்ரீடி அந்த அரசனாக நடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அமெரிக்க நடிகர் எட்வின் ஃபாரஸ்டுக்கும் பல வருடப் பகை. ஃபாரஸ்டின் ஆதரவாளர்கள் அரங்கைச் சூழ்ந்து கல்லெறிந்தார்கள். படையினர் கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். குறைந்தது 22 பேர் இறந்தார்கள். நாடக உலகம் கண்ட மிகக் கொடுமையான இரவுகளில் ஒன்று அது. அதற்கு மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. ஏழை பணக்காரன், அமெரிக்கன் ஆங்கிலேயன் என்ற கசப்பு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு நடிகர்களின் சண்டை அதற்குத் தீக்குச்சி ஆனது.

அடுத்து 1937. லண்டன் ஓல்ட் விக் அரங்கில் ஒலிவியர் நடிக்க ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மேலே இருந்து ஒரு பாரக்கட்டை விழுந்து அவரை மயிரிழையில் தவறவிட்டது. அரங்கேற்றம் தள்ளிப்போனது. அந்த அரங்கைத் தன் வாழ்நாள் உழைப்பால் நிலைநிறுத்திய லிலியன் பேலிஸ், அரங்கேற்றத்துக்கு முந்தைய நாள், நவம்பர் 25 அன்று, மாரடைப்பால் இறந்தார். அந்தக் குழுவில் இருந்தவர்கள் எப்படி உடைந்துபோயிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் சாபத்தை நம்பியிருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இருந்தாலும், இந்தப் பட்டியலில் எது எப்படிச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். ஆங்கில நடிகர் கீல்குட் 1942இல் இந்த நாடகத்தைப் போட்டபோது அதற்கு அரங்க வடிவமைப்பு செய்தவர்களில் ஒருவர் ஜான் மின்டன். அவருடைய மரணத்தையும் சாபக் கணக்கில் எழுதுகிறார்கள். அவர் இறந்தது 1957இல், பதினைந்து வருடம் கழித்து. ஆபிரகாம் லிங்கன் 1865 ஏப்ரல் 9 அன்று கப்பல் பயணத்தில் இந்த நாடகத்தின் பகுதிகளை நண்பர்களுக்குப் படித்துக் காட்டினார், ஏப்ரல் 14 அன்று சுடப்பட்டார் என்று சொல்கிறார்கள். இரண்டும் உண்மை. ஆனால் லிங்கனுக்கு வருடக்கணக்காக மிகப் பிடித்த நாடகமே இதுதான். அதற்கு முன்பு அதைப் படித்த நாட்களில் எதுவும் நடக்கவில்லை. அந்த நாட்களை யாரும் எண்ணுவதில்லை.

சாபம் இல்லை என்றால், வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

மேடைப் பக்கமிருந்து பார்த்தால் எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த நாடகத்தில் பாதிக்கு மேல் இரவு, மங்கல் வெளிச்சம், புகை. வாள் சண்டை முடிவில் வருகிறது, அதாவது நடிகர்கள் மிகவும் களைத்திருக்கும் நேரத்தில். கத்திகள் உண்டு, வழுக்கும் போலி ரத்தம் உண்டு, திடீரென்று தோன்றி மறையும் ஆவிகளுக்காகத் தரையில் பொறிக்கதவு உண்டு. நான்கு நூற்றாண்டுகளாக உலகம் முழுக்க ஓயாமல் போடப்படும் நாடகம் வேறு. எத்தனை முறை போடுகிறோமோ அத்தனை முறை விபத்துக்கு வாய்ப்பு.

நாடகக்காரர்கள் சொல்லும் இன்னொரு விளக்கம் எனக்குப் பிடித்தது. ஊர் ஊராகப் போகும் குழுக்களில் வசூல் படுத்துவிட்டால், கூட்டம் சேர்ப்பதற்காக இந்த நாடகத்தை அவசரமாக எடுப்பார்களாம். எல்லோருக்கும் தெரிந்த கதை, அளவில் சின்னது, ரத்தமும் பேயும் இருப்பதால் டிக்கெட் விற்கும். அதனால் 'அந்த நாடகத்தைப் போடப் போகிறோம்' என்று முதலாளி சொன்னாலே, குழு மூடப்போகிறது, சம்பளம் வராது என்று நடிகர்களுக்குப் புரிந்துவிடும். பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கியதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

வாய் தவறிச் சொல்லிவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

உடனே அறையை விட்டு வெளியே போக வேண்டும். மூன்று முறை சுற்ற வேண்டும், துப்ப வேண்டும், ஒரு கெட்ட வார்த்தை சொல்ல வேண்டும், அப்புறம் கதவைத் தட்டி உள்ளே வர அனுமதி கேட்க வேண்டும். குழுவுக்குக் குழு கொஞ்சம் மாறும். 'ஹேம்லெட்' நாடகத்தில் ஆவியைப் பார்த்ததும் இளவரசன் தேவதைகளைக் காவலுக்கு அழைக்கும் வரியைச் சொன்னாலும் போதும் என்பார்கள்.

நல்வாழ்த்துச் சொன்னால் ஏன் கோபம் வருகிறது? 'காலை உடைத்துக்கொள்' என்பது வாழ்த்தா?

ஆங்கில மேடையில் அதுதான் வாழ்த்து. நல்லதை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும், கெட்டதைச் சொன்னால் விதி ஏமாந்து நல்லதைச் செய்துவிடும் என்ற தலைகீழ்க் கணக்கு. கண்ணேறுக்குப் பயந்தவர்கள் எங்கே இருந்தாலும் இந்தக் கணக்கு அவர்களுக்கு உடனே புரியும்.

எங்கிருந்து வந்தது என்பதற்குப் பல கதைகள். லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத் ஒரு நடிகர். சுட்டுவிட்டு மேடையில் குதித்தபோது தன் கால் எலும்பு முறிந்ததாக அவரே எழுதினார். அதிலிருந்து வந்தது என்பார்கள். நடந்தது 1865. வாழ்த்தோ 20ஆம் நூற்றாண்டில்தான் அச்சில் தலைகாட்டுகிறது, அதனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. 1921இல் ராபர்ட் லிண்ட் என்ற கட்டுரையாளர், குதிரைப் பந்தயக்காரர்கள் நல்வாழ்த்தைக் கெட்ட சகுனமாக நினைப்பதையும், கால் உடையட்டும் என்பது போல ஏதாவது சொல்வதையும் பற்றி எழுதியிருக்கிறார். ஜெர்மன் மொழியில் 'கழுத்தும் காலும் முறியட்டும்' என்று ஒரு பழைய வாழ்த்து இருக்கிறது. அதுவே எபிரேய மொழியில் 'வெற்றியும் ஆசியும்' என்ற தொடரின் ஒலி திரிந்து வந்தது என்று கருதுகிறவர்கள் உண்டு. ஜெர்மன் பேசும் குடும்பங்களிலிருந்தும் யூதக் குடும்பங்களிலிருந்தும் அமெரிக்க மேடைக்கு வந்தவர்கள் ஏராளம் என்பதால், இந்த வழி எனக்குச் சரியாகப் படுகிறது.

மற்ற மொழிகளிலும் இதே கதைதான். பிரெஞ்சு நடிகர்கள் ஒருவருக்கொருவர் 'மலம்' என்று வாழ்த்திக்கொள்கிறார்கள். வாசலில் நிறைய குதிரை வண்டிகள் நின்றால் சாணம் நிறையும், அப்படியானால் அரங்கம் நிறைந்திருக்கிறது என்று பொருள். இத்தாலியில் 'ஓநாய் வாயில் விழு' என்பார்கள். பதிலுக்கு 'ஓநாய் சாகட்டும்'. ரஷ்யாவில் 'மயிரும் இல்லை, இறகும் இல்லை' என்ற வேட்டைக்காரர் வாழ்த்துக்கு 'பிசாசிடம் போ' என்று பதில் சொல்ல வேண்டும். எங்கேயும் நன்றி மட்டும் சொல்லக் கூடாது.

மேடையில் விசிலடித்தால் ஏன் அப்படிப் பதறுகிறார்கள்?

இதற்குப் பின்னால் ஒரு தலை இருக்கிறது, அதன் மேல் விழக்கூடிய ஒரு மூட்டையும் இருக்கிறது. காட்சித் திரைகளைக் கயிறும் கப்பியும் மணல் மூட்டையும் வைத்து மேலே ஏற்றி இறக்கிய காலத்தில், அந்த வேலைக்குக் கடலில் இல்லாத மாலுமிகளை எடுத்தார்கள் என்பது மரபுச் செய்தி. கப்பலில் போலவே விசில்தான் சைகை. நடிகர் ஒருவர் சும்மா ஒரு பாட்டை விசிலடித்துக்கொண்டு வந்தால், மேலே இருப்பவர் சைகை என்று நினைத்துத் திரையை இறக்கிவிடுவார். கீழே நிற்பவர் கதி என்ன?

இன்று ஹெட்செட்டும் சைகை விளக்கும் வந்துவிட்டன. விசில் எதையும் இறக்காது. ஆனாலும் மேலே எடை தொங்கும்போது கீழே தேவையில்லாத சத்தம் வேண்டாம் என்ற ஒழுக்கம் இன்றைக்கும் நல்லதுதான். பிரான்சில் மேடைக்கு மேல் இருக்கும் எதையும் 'கயிறு' என்ற சாதாரணச் சொல்லால் குறிக்க மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. கப்பலில் பயன்படும் கயிறுகளுக்கு அவற்றின் பெயரைச் சொல்லித்தானே ஆக வேண்டும், பொதுவாகக் 'கயிறு' என்றால் எதை இழுப்பது?

எல்லோரும் போன பிறகும் மேடையில் ஒரு விளக்கு எரிகிறதே, அது பேய்க்காகவா?

பெயரே 'பேய் விளக்கு'தான். ஒரு கம்பத்தில் ஒற்றை பல்பு, காலி மேடையின் நடுவில். அரங்கத்து ஆவிகள் நடிக்க வெளிச்சம் வைக்கிறோம், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்பது நம்பிக்கை. மேடை விளிம்புக்கு அப்பால் இசைக்குழுவின் பள்ளம் இருக்கிறது, சில அரங்குகளில் ஆள் உயரத்துக்கும் மேல். சுவிட்சைத் தேடி இருட்டில் நடந்து அதில் விழாமல் இருக்க வெளிச்சம் வைக்கிறோம் என்பது காரணம். இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்பேன். காரணத்தை மட்டும் சொன்னால் அவசரத்தில் மறந்துவிடுவார்கள். பேயையும் சேர்த்துச் சொன்னால் மறப்பதில்லை.

2020இல் கொரோனாவால் அரங்குகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, பல நாடுகளில் இந்த விளக்கை மட்டும் அணையாமல் வைத்திருந்தார்கள். திரும்பி வருவோம் என்பதற்கு அடையாளமாக. யாருமில்லாத இருக்கைகளுக்கு முன்னால் அந்த ஒற்றை பல்பு எரியும் படங்களைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன்.

எந்த நிறம் ராசியில்லாதது?

எந்த நாட்டில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரான்சில் பச்சை, ஸ்பெயினில் மஞ்சள், இத்தாலியில் ஊதா.

பிரான்ஸ், ஸ்பெயின் இரண்டுக்கும் ஒரே மரணத்தைக் காரணம் காட்டுகிறார்கள். 1673 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர் தன் 'கற்பனை நோயாளி' நாடகம் நான்காவது முறையாக மேடையேறியபோது, நோய் இல்லாமலே நோயாளி என்று நம்புகிறவனாக நடித்துக்கொண்டிருந்தார். அவருக்கோ நிஜமாகவே நுரையீரல் நோய். மேடையிலேயே இருமல் பொங்கியது, சமாளித்து நாடகத்தை முடித்தார், வீட்டுக்குக் கொண்டுபோன சில மணி நேரத்தில் இறந்தார். அவர் உட்கார்ந்து நடித்த நாற்காலியைப் பாரிஸின் கொமேதி பிரான்சேஸ் அரங்கில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அன்று அவர் உடை பச்சை என்கிறார்கள் பிரெஞ்சுக்காரர்கள், மஞ்சள் என்கிறார்கள் ஸ்பானியர்கள். இத்தாலியின் ஊதாவுக்குக் கதை வேறு. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் பாதிரியார்கள் ஊதா அங்கி போடுவார்கள். அந்த நாட்களில் நாடகத்துக்குத் தடை. ஊதா கண்ணில் பட்டால் நடிகருக்குப் பட்டினி.

பச்சைக்கு இன்னொரு கோணமும் உண்டு. பழைய பச்சைச் சாயங்களில் செம்புத் துரு இருந்தது. 1775இல் ஷீலே என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த பிரகாசமான பச்சையில் ஆர்செனிக் இருந்தது. வியர்வையில் நனைந்த உடையில் அது என்ன செய்யும் என்று யோசித்தால், அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருந்ததாகவே தோன்றுகிறது.

மயில் இறகு, நிலைக்கண்ணாடி, மூன்று மெழுகுவத்தி?

மயில் இறகில் இருக்கும் கண் கெட்ட பார்வை என்பது மேற்கத்திய நம்பிக்கை. அதற்கு மேல் விசேஷம் இல்லை. கண்ணாடி விளக்கொளியைத் திருப்பி நடிகர் கண்ணிலும் ரசிகர் கண்ணிலும் அடிக்கும், உடைந்தால் வெறுங்காலில் குத்தும். ஆகவே வேண்டாம்.

மூன்று மெழுகுவத்தி எரிந்தால், குட்டையானதற்குப் பக்கத்தில் இருப்பவர் அடுத்து இறப்பார் அல்லது அவருக்குக் கல்யாணம் நடக்கும் என்பார்கள். எனக்கு அதில் நெருப்பு மட்டும்தான் தெரிகிறது. 1862இல் பாரிஸ் ஓபராவில் எம்மா லிவ்ரி என்ற இளம் நடனக்காரியின் பாவாடை ஒத்திகையின்போது எரிவாயு விளக்கில் பற்றிக்கொண்டது. எட்டு மாதம் வேதனைப்பட்டு இறந்தார். அப்போதே தீப்பிடிக்காதபடி பதப்படுத்திய துணி இருந்தது. அது விறைப்பாகவும் மங்கலாகவும் இருந்ததால் பலரைப் போல அவரும் வேண்டாம் என்றிருந்தார். மேடையில் தீ இருந்தால் மெழுகுவத்தியின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் தொங்கும் துணியைப் பாருங்கள்.

கடைசி ஒத்திகை சொதப்பினால் அரங்கேற்றம் நன்றாக வருமா?

வரலாம். முந்தைய நாள் சொதப்பியவர்கள் இரவெல்லாம் பயந்து, காலையில் ஒழுங்காக வசனம் பார்ப்பார்கள். ஆனால் இயக்குநர்கள் இதைச் சொல்வது பெரும்பாலும் ஆறுதலுக்காகத்தான். நாடகத்தின் கடைசி வரியை ஒத்திகையில் சொல்லாமல் விடும் வழக்கமும் உண்டு, ரசிகர் இல்லாமல் நாடகம் முழுமையாகாது என்ற எண்ணத்தில். அதில் ஓர் அழகு இருக்கிறது.

இது ஐரோப்பிய மேடையின் பழக்கம் மட்டும்தானா?

இல்லை. கபுகி என்ற ஜப்பானிய மரபு நாடகத்தில் 'யோட்சுயா' பேய்க்கதை என்று ஒரு நாடகம். சுருயா நம்போகு எழுதி, 1825இல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், முதலில் போடப்பட்டது. கணவனால் ஏமாற்றப்பட்டு, விஷத்தால் முகம் சிதைந்து இறக்கும் ஓய்வா என்ற பெண் ஆவியாகத் திரும்பி வருகிறாள். இதை நடிக்கப் போகும் குழுவினர் முன்கூட்டியே ஓய்வாவின் பெயரில் உள்ள கோயிலுக்கும் கல்லறைக்கும் போய் வணங்கி அனுமதி கேட்பது வழக்கம். போகாவிட்டால் விபத்து, காய்ச்சல், கண்நோய் என்று பயம்.

ஸ்காட்லாந்து நாடகத்துக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைப் பாருங்கள். இதுவும் இருட்டில் நடப்பது. எரியும் காகித விளக்குக்குள்ளிருந்து ஆவி வெளியே வர வேண்டும். இரண்டு பக்கமும் பிணம் கட்டிய கதவுப்பலகை ஒரு நொடியில் புரள வேண்டும், இரண்டு பிணமும் ஒரே நடிகர். இத்தனை தந்திரம் நிறைந்த நாடகத்தில் அடிபடாமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் ஜப்பானியர்கள் பெயரை விலக்கவில்லை. போய்க் கும்பிட்டு, 'உன் கதையைச் சொல்லப் போகிறோம்' என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். துரோகத்தில் செத்த ஒரு பெண்ணின் துயரத்தை நடித்துக்காட்டப் போகிறவர்கள் முதலில் அவள் முன்னால் தலைகுனிவது எனக்கு மிகச் சரியான செயலாகத் தோன்றுகிறது.

தென்சீனாவின் இசைநாடகமான கேன்டனீஸ் ஓபராவில், இதுவரை யாரும் ஆடாத இடத்தில் மேடை போட்டால் முதலில் வெள்ளைப் புலிச் சடங்கு நடக்கும். அது முடியும்வரை மேடைக்குப் பின்னால் யாரும் வாய் திறக்கக் கூடாது. ரஷ்ய நடிகர் கையிலிருந்து நாடகப் பிரதி கீழே விழுந்தால், நடுத்தெருவாக இருந்தாலும் அதன் மேல் ஒரு கணம் உட்கார்ந்துவிட்டுத்தான் எடுப்பார்.

நல்ல சகுனம் என்று ஒன்றுமே இல்லையா?

உண்டு. லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் சாம்பல் அங்கியோடு ஓர் ஆவி பகல் நேரத்தில் மேல்மாடியில் நடக்கும் என்பார்கள். ஒத்திகையின்போது அது தெரிந்தால் நாடகம் வெற்றி.

சினிமாவில் 'சாபம் பிடித்த படம்' என்கிறார்களே?

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன்.

1993 மார்ச் 31 அன்று, 'தி க்ரோ' படப்பிடிப்பில் பிராண்டன் லீ சுடப்பட்டு இறந்தார். வயது 28. அவர் தந்தை புரூஸ் லீயும் 32 வயதிலேயே இறந்தவர் என்பதால், குடும்பச் சாபம் என்று இன்றுவரை எழுதுகிறார்கள். நடந்தது இது: முந்தைய ஒரு காட்சிக்காகச் சரியாகத் தயாரிக்கப்படாத போலித் தோட்டாவைப் போட்டிருந்தார்கள். அதன் முனை துப்பாக்கிக் குழலுக்குள் சிக்கிக்கொண்டது. யாரும் குழலைச் சோதிக்கவில்லை. பின்னால் முனையில்லாத வெற்று வெடி போட்டுச் சுட்டபோது, அந்த முனை நிஜத் தோட்டா போலப் பாய்ந்தது. ஒரு மெல்லிய கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். 2021 அக்டோபரில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் மறுபடியும் ஒரு துப்பாக்கியால் இறந்தார். முதல் மரணத்தைச் சாபம் என்று எழுதிய ஒவ்வொரு பக்கமும், சோதனை செய்யாத கையை நம் பார்வையிலிருந்து மறைத்த பக்கம்.

1982 ஜூலை 23 அன்று 'ட்வைலைட் ஸோன்' படப்பிடிப்பில் ஹெலிகாப்டர் விழுந்து நடிகர் விக் மாரோவும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். குழந்தைகளை விதிகளை மீறி நள்ளிரவு தாண்டி வேலை வாங்கியிருந்தார்கள். அதே வருடம் வந்த 'போல்டர்கைஸ்ட்' படத்தில் நடித்த டாமினிக் டன், படம் வெளியான சில மாதங்களில் முன்னாள் காதலனால் கொல்லப்பட்டார். அதையும் 'படத்தின் சாபம்' என்ற பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஒரு பெண்ணைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன் அந்த ஒரு சொல்லில் காணாமல் போகிறான்.

ஆஸ்கர் வாங்கினால் ராசி போய்விடும் என்பதும் உண்டு. 1936, 1937 இரண்டு வருடப் படங்களுக்கும் அடுத்தடுத்து விருது வாங்கிய நடிகை லூயிஸ் ரெய்னருக்கு அதன்பின் நல்ல படம் அமையவில்லை என்பார்கள். ஸ்டுடியோ கொடுத்த கதாபாத்திரங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை, அதை எதிர்த்து வெளியேறினார். 2014 வரை, 104 வயதுவரை வாழ்ந்தார்.

ஒரு நடிகரையே 'ராசியில்லாதவர்' என்று ஒதுக்குகிறார்களே, அது சரியா?

சரியே இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

ஒரு சொல்லை விலக்குங்கள், ஒரு நிறத்தை விலக்குங்கள், யாருக்கும் பட்டினி இல்லை. ஆளை விலக்கினால் அவர் பிழைப்பு போகிறது. நான் வேலை பார்த்த ஒரு குழுவில் ஓர் இளம் நடிகை இருந்தார். அவர் சேர்ந்த வருடம் அடுத்தடுத்து இரண்டு நாடகங்கள் ஓடவில்லை. மூன்றாவதில் ஒரு படிக்கட்டு உடைந்து மூத்த நடிகருக்குக் கால் பிசகியது. அந்தப் படிக்கட்டைக் காய்ந்து முடியாத மரத்தில் அவசரமாக அடித்தவர்களில் நானும் ஒருவர். ஆனால் பேச்சு எங்கள் பக்கம் வரவே இல்லை. 'அந்தப் பெண் வந்த நேரம்' என்று யாரோ ஆரம்பித்தார்கள், ஒரு வாரத்தில் எல்லோரும் சொன்னார்கள். அடுத்த நாடகத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை. நான் அன்றைக்கு எழுந்து, "படிக்கட்டை அடித்தது நாங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவருடைய முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் புதியவர், இளையவர், எதிர்த்துப் பேச முடியாதவர். வசூல் குவிக்கும் நாயகனின் மூன்று படம் தோற்றால் கதை சரியில்லை என்பார்கள். புதுமுகத்தின் ஒரு படம் தோற்றால் ராசி சரியில்லை என்பார்கள். உங்கள் குழுவில் இப்படி ஒரு பேச்சு கிளம்பினால், அதே இடத்தில், எல்லோர் முன்னாலும், உண்மையில் எது உடைந்தது என்று கேளுங்கள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. வேண்டுமென்றே அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கலாமா?

வேண்டாம். உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பக்கத்தில் ஒருவர் நடுங்கிய கையோடு ஒப்பனை போட்டுக்கொண்டிருப்பார், இன்னும் அரை மணி நேரத்தில் அவர் வாளைச் சுழற்ற வேண்டும். அவருடைய கவனம் சிதறினால் விபத்து நிஜமாகவே நடக்கலாம். சுற்றச் சொன்னால் சுற்றிவிட்டு வாருங்கள், அரை நிமிட வேலை.

அப்படியானால் உண்மையில் நம்மைக் காப்பாற்றுவது எது?

1903 டிசம்பர் 30. சிகாகோவின் இரோகுவா அரங்கில் விடுமுறைக் கால மதியக் காட்சி, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். திறந்து ஐந்தே வாரமான அரங்கம், தீயே பிடிக்காது என்று விளம்பரம் செய்திருந்தார்கள். மேடை விளக்கிலிருந்து திரைத்துணியில் பற்றியது. தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. பல கதவுகள் பூட்டியிருந்தன, சிலவற்றில் யாருக்கும் திறக்கத் தெரியாத தாழ்ப்பாள். 602 பேர் இறந்தார்கள். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவுகளும், தள்ளினாலே திறந்துகொள்ளும் தாழ்ப்பாள்களும், வழியில் எரியும் விளக்குகளும் அதன்பிறகுதான் கட்டாயமாகப் பரவின.

ஆகவே உங்கள் சடங்கு எதுவாக இருந்தாலும் செய்யுங்கள். அதோடு, திரை ஏறுவதற்கு முன் வெளியேறும் கதவுகள் ஒவ்வொன்றையும் ஒருமுறை தள்ளிப் பாருங்கள்.

பேய் விளக்கை யார் ஏற்ற வேண்டும்?

கடைசியாக வெளியே போகிறவர். மேடையின் நடுவில், விளிம்பு நன்றாகத் தெரியும் இடத்தில் வையுங்கள். ஒயர் நடக்கும் வழியில் கிடக்காமல் ஓரமாகப் போகட்டும். மற்ற எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு முறை சத்தமாகக் கேளுங்கள். மறுநாள் முதலில் வருகிறவர் அணைப்பார்.